டஸ்ட்

அப்புத்தளையில் அந்தக் கட்டடத்துக்கு
அதற்கு முன் ஒரே வேலை.
தேயிலையை அரைத்துச் சலித்து
டஸ்ட் நம்பர் ஒன் என்று பெட்டியில் குத்தி
கொழும்புக்கு ரயிலேற்றுவது.

எழுபத்தொன்றில் ஊவா டிரான்சிஸ்டர் கம்பெனி வந்தது.
முதல் நாளே ஹேமபால ஐயா
மூன்று மொழியிலும் சுவரில் எழுதச் சொன்னார்:
தூசி நம் எதிரி.
இரண்டு மாதம் கழுவினோம்.
பலகை இடுக்குகளிலிருந்து தேயிலை
வந்துகொண்டேயிருந்தது
பழைய கடன்காரனைப் போல.

கொழுந்து பறித்த விரல்கள், சீக்கிரம் பழகிவிடும் என்று
கொழும்புத் துரை பத்திரிகைக்காரரிடம் சொன்னார்.
நான் ஒருநாளும் கூடை கட்டியவளல்ல.
பண்டாரவளை அச்சகத்தில் எழுத்துக் கோத்தவள்.
பக்கத்து இருக்கைச் செபஸ்தியம்மா பறித்தவள்,
அவளுக்குத்தான் கை நடுங்கும்.
மயிரிழையில் பாதிகூட இல்லாத தங்கக் கம்பி.
ஒட்டி முடிக்கும்வரை மூச்சை அடக்குவாள்,
பிறகு வெளியே ஓடிப்போய் இருமுவாள்.

சுத்தமான படிகத்தால் பயனில்லை என்றார் ஹேமபால.
கோடியில் ஒன்றாவது வேற்று அணு சேரவேண்டும்,
அளந்த மாசு.
தமிழில் இதற்கு என்ன பெயர்?
குறைக்கடத்தி.
கடத்துவது என்றால்?
மின்சாரத்தைக் கடத்தலாம், சாமானைக் கடத்தலாம்,
ஆளை நாடு கடத்தலாம் என்றேன்.
பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது.
ஒரே லயத்தில் நாலாம் காம்பிரா இந்தியாவுக்கு,
ஐந்தாம் காம்பிரா இங்கே.
சோதனை மேசையில் என் வேலையும் அதேதான்.
முள் அசைந்தால் இந்தத் தட்டு
அசையாவிட்டால் அந்தத் தட்டு.
கணவாயில் மூட்டம் ஏறிய நாட்களில்
நூற்றுக்குப் பதினொன்றுதான் தேறும்.

செபஸ்தியம்மா தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்று
தேறாத தட்டிலிருந்து ஒன்றை எடுத்து
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
கேட்டில் சோதிப்பார்களே என்றேன்.
வேலை செய்யாததுதானே, என்றாள்.

எழுபத்தேழில் கப்பல்கள் திறந்துவிடப்பட்டன.
முழு ரேடியோ ஒன்று, பேட்டரியோடு,
எங்கள் நாலு டிரான்சிஸ்டர் விலைக்கு வந்தது.
ஹேமபால நுண்ணோக்கிகளைக் கம்பளியில் சுற்றினார்.
சம்பளப் பாக்கி நாற்பது நாள்.

கடைசியாக விலைபோனது தரை கூட்டிய குப்பை.
ஆறு வருடம் சாக்கில் சேர்த்து வைத்திருந்தோம்,
கம்பித் துண்டுகள் கலந்தது.
வெலிமடையிலிருந்து தட்டார் ஒருவர் வந்து
ஊதி ஊதிப் பார்த்து
நிறுத்து வாங்கிக்கொண்டார்.
ரசீதில் சாமானின் பெயர் கேட்டார்கள்.
டஸ்ட் என்று எழுதினேன்.
நம்பர் போடவில்லை.