பிமியென்டாவின் மாத்திரை

புன்டா அரீனாஸ் மருத்துவமனையின் அடித்தளத்தில்
மூன்று பெட்டிகள்.
கணிப்பதும் சேமிப்பதும் இணைப்பதும்
ஒரே வயிற்றில் ஒடுங்கியவை.
மேலே ஜலசந்திக் காற்று
கூரைத் தகரத்தைப் பிடுங்கிப் பார்க்கிறது.

ஸ்கிரிப்டை ஓடவிட்டு
மாத்தே உறிஞ்சுகிறாள் யஸ்னா.
முன்பெல்லாம் ஒரு மேசைத்திரைக்கு அரை நாள்.
இப்போது ஒரேயொரு மூலம்,
நானூற்றுப் பன்னிரண்டு பிறப்பு,
இடுப்பு வலி யாருக்கும் இல்லை.

விடிந்தது.
எக்ஸ்ரே அறையில், பிரசவ வார்டில்,
பிணவறைக் குமாஸ்தாவின் திரையில்கூட
இடது மூலையில் மஞ்சள் சீட்டு:
‘பிமியென்டாவுக்கு மாத்திரை. ஆறு மணி. மறக்காதே.’

மூலத்தில் தான் ஒட்டியதை
எடுக்க மறந்திருந்தாள்.

சிலர் அழித்தார்கள்.
இரவில் எல்லாத் திரையும் கலைந்து
காலையில் புதிதாய்ப் பிறந்தன,
சீட்டோடு.

மாலை ஐந்தே முக்காலுக்கு முதல் அழைப்பு,
பிணவறையிலிருந்து:
“யாரம்மா அந்தப் பிமியென்டா? கொடுத்தாச்சா?”
“பூனை” என்றாள். “சிறுநீரகக் கோளாறு.”
அடுத்த அழைப்பு டயாலிசிஸ் பிரிவு:
“எத்தனை மில்லிகிராம்?”

திருத்தம் ஒரே வரிதான்.
தட்டச்சு செய்து வைத்துவிட்டாள்.
என்டர் மட்டும் பாக்கி.
இன்றோடு
வியாழக்கிழமையும் ஆகிவிட்டது.