எதுவானாலும் சரி

ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.
வால்பரைசோவில் ஜூன் மாத மழை,
தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகப்
பயறு கொட்டுகிறார்கள்.

ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்
என்று கேட்டு அனுப்பினேன்.
துறைமுகத்தில், கிரேனின் கூண்டுக்குள்,
அறுபதடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு
நிபால்டோ பதில் போடுகிறான்:
எதுவானாலும் சரி.

பதினேழு வருஷமாக
இதே பண்டத்தைத்தான் கேட்கிறான்.
எந்தக் கடையில் விற்கிறது,
எத்தனை நேரம் வேக வேண்டும்,
உப்பு முன்னாலா பின்னாலா,
ஒருநாளும் சொன்னதில்லை.

குளிர்பெட்டியைத் திறக்கிறேன்.
அரைப் பூசணி, வெட்டிய முகம் காய்ந்துபோய்.
முட்டை இரண்டு.
காகிதத்தில் சுற்றிய வெண்ணெயின் கடைசி மூலை.
ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய சோறு,
இன்று வியாழன் என்பது அதற்கும் தெரியும்.
மூடுகிறேன்.
மறுபடி திறக்கிறேன்,
இதற்குள் ஒரு மீன் வந்து படுத்திருக்கும் என்பதுபோல.

காஸ்பருக்குப் பதினொரு வயது.
போன வாரம் முதல் பூசணி தின்பதில்லை.
ஏன் என்றால் "அதன் நிறம்" என்பான்.
அதற்கு முந்தின வாரம்
வெங்காயத்தோடு பகை.

மேடை மூலையில் ஒரு கிண்ணம்.
போரோட்டோப் பயறு ஊறிக்கொண்டிருக்கிறது.
நான்தான் போட்டிருக்க வேண்டும்,
காலையில், அரைத் தூக்கத்தில்,
யாரையும் கேட்காமல்.
வயிறு பருத்து
எனக்கு முன்பே முடிவெடுத்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கின்றன.

பயறும் பூசணியும் குழைய வெந்ததும்
ஸ்பகெட்டியை நீளநீளமாக விடுவோம்.
கடிவாளம் போட்ட பயறு என்று
இங்கே அதற்குப் பேர்.

ஆனால் வேக ஒன்றரை மணி நேரம்.
சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால்
வெட்கமில்லாமல் கையோடு வருகிறது.
வெந்நீரை அதன் விலாவில் ஊற்றித் தடவினேன்.
எதுவரை சில்லென்று இருக்கிறதோ
அதுவரை வாயு.
இரண்டு விரற்கடை.
கம்பியால் இரும்பைத் தட்டிக்கொண்டு வருகிற
சிலிண்டர் வண்டி
இந்த மழையில் குன்றேறாது.

முட்டை என்றால் நான்கு நிமிஷம்.
இரண்டு முட்டை, மூன்று பேர்.
பயறையே ஏற்றினேன்.

ஐம்பதாவது நிமிஷம்
நீலம் ஒருமுறை துள்ளி
அணைந்தது.
ஒன்றை எடுத்துக் கடித்தேன்.
பல்லுக்கு எதிர்ப்பேச்சு பேசியது.

நாற்பத்தோரு படி கீழே ஒரியானா வீடு.
துணிக்கொடி விஷயமாக
மார்ச்சிலிருந்து பேச்சில்லை.
என் படுக்கை விரிப்பு சொட்டி
அவள் சோபா நனைந்ததாம்.
நனைந்ததுதான்.

சுடுசட்டியைத் துணியால் பிடித்து,
கக்கத்தில் பூசணி இடுக்கி,
ஸ்பகெட்டிப் பொட்டலத்தைப் பல்லில் கடித்து,
பின்னால் காஸ்பர் குடை என்று எதையோ பிடிக்க,
முழங்காலால் கதவைத் தட்டினேன்.

உள்ளே அவள் குளிர்பெட்டி
ஆவென்று திறந்து கிடந்தது.
அதன் விளக்கில்தான் அவள் முகமே தெரிந்தது.
என்னைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள்.
வாயில் பொட்டலம், என்னால் பேச முடியாது.
நல்லதாகப் போயிற்று.
"இன்னும் எவ்வளவு நேரம் வேகணும்?"
என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

பூசணியை அவள்தான் நறுக்கினாள்,
என்னைவிடப் பொடியாக.
வெங்காயம் அவளுடையது,
புகையில் வாட்டிய மிளகாய்ப்பொடியும்.
சோபாவில் நான் உட்காரவில்லை.
ஸ்பகெட்டியை ஒடித்துப் போடப் போனேன்,
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்:
"கடிவாளத்தை எவளாவது ஒடிப்பாளா?"

எட்டரைக்கு நிபால்டோ
நான் ஒட்டிவைத்த சீட்டோடு
சொட்டச் சொட்ட வாசலில் நிற்கிறான்.
காஸ்பர் இரண்டாம் தட்டில் இருக்கிறான்,
நிறத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.
"என்ன சமையல்?"
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அப்போது கேட்கிறது,
இரும்பில் கம்பி தட்டும் சத்தம்,
வளைவுக்கு வளைவு மேலேறி.
"ஓடு, வண்டியைப் பிடி" என்கிறாள் ஒரியானா.
நாளைக்கு என்றேன்,
வாயில் கடிவாளத்தோடு.