நான்காவது கட்டம்

பிரதிபலிப்புக் கோப்பு என்பது அதன் பெயர்.
நாங்கள் சொல்வது ஃபீலிங்ஸ் நோட்டு.
குழந்தைகள் வார்டில் எட்டு வாரம்,
வாரத்துக்கு ஒரு பக்கம்,
பக்கத்துக்கு நான்கு கட்டம்:
என்ன நடந்தது. என்ன உணர்ந்தாய்.
என்ன கற்றாய். அடுத்த முறை என்ன செய்வாய்.
மொத்தம் பத்து மதிப்பெண்,
உணர்ந்ததற்கு மட்டும் மூன்று.

போன பேட்சின் கோப்புகள் ஹாஸ்டலில் சுற்றுகின்றன.
அதில் எல்லோருக்கும் மனம் கனக்கிறது,
எல்லோரும் தாயின் கண்களில் எதையோ பார்க்கிறார்கள்.
நானும் பார்த்ததாக எழுதினேன்.
ஆறாம் வாரம் எட்டு மதிப்பெண்,
ஓரத்தில் சிவப்பு மையில்: நல்ல அகப்பார்வை.

அந்தப் பக்கத்தைத்தான் இப்போது
இரவு பன்னிரண்டு மணிக்குத் திரும்ப எழுதுகிறேன்.

என்ன நடந்தது.
ஏரியூர்ப் பக்கமிருந்து ஒரு குழந்தை, பதினோரு மாதம்.
பெயர் வினுஷ்கா.
கேஸ் ஷீட்டில் விமுஷ்கா என்று எழுதிவிட்டேன்,
வீட்டுக்குப் போகும்வரை அவள் விமுஷ்காவாகவே இருந்தாள்.
மூன்று நாள் வயிற்றுப்போக்கு.
பென்னாகரத்தில் பஸ் மாறி,
இண்டூரில் இறங்கித் துணி மாற்றி,
அடுத்த பஸ்ஸில் தர்மபுரி.
வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால்
மடிப்பு திரும்பிப் போக மறந்து
அப்படியே நின்றது.

அம்மா பெயர் மாதேஸ்வரி.
பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டாள்.
பற்களில் எங்கள் ஜில்லாத் தண்ணீரின் பழுப்பு.
புத்தகத்தில் அதற்கு ஒரு வண்ணப்படம் உண்டு,
பரீட்சைக்கு வரும்.
எனக்கும் கடைவாயில் இரண்டு இருக்கின்றன.

ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடினேன்.
இடது கை தவறியது.
வலது கை ஊதிக்கொண்டது.
இடது காலில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு
உள்ளே போய்விட்டது.
நாலாவது குத்து வலது காலில்.
அந்தக் காலைப் பிடித்திருந்தது அவள்.

என்ன உணர்ந்தாய்.
இயலாமை, பரிவு என்று எழுதியிருந்தேன்.
பொய்.
கோபம்.
பதினோரு மாதக் குழந்தைமேல்,
சதையே இல்லாத அந்தக் கணுக்கால்மேல்,
முதுகுக்குப் பின்னால் நின்ற என் பேட்ச் ஐந்து பேர்மேல்.
முகக்கவசத்துக்குள் சொன்னேன்,
அசையாத, சனியனே.
முகக்கவசம் கிருமியைத் தடுக்கும்.
மாதேஸ்வரி நிமிரவில்லை.
குழந்தையின் காதருகில் குனிந்து,
"அழுவாத சாமி,
டாக்டரு புள்ளைக்குக் கை நடுங்குது பாரு" என்றாள்.

ஐந்தாவதை ஜெபக்கனி சிஸ்டர் போட்டார்.
ஒரே குத்து.
டேப் ஒட்டிவிட்டுத் தேதியை மட்டும் என்னை எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
எழுதிய தைரியத்தில் லாக் புத்தகத்தில்
'தானே செய்தது' என்ற பத்தியில்
அன்றைக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டேன்.

என்ன கற்றாய்.
தொடர்பாடல் திறனின் முக்கியத்துவம்
என்று இருந்ததை அடித்துவிட்டேன்.
என் கை நடுங்குவதை ஒருத்தி பார்த்தாள்.
பார்த்ததை என்னிடம் சொல்லாமல்
குழந்தையிடம் சொன்னாள்.
இது எந்தத் திறனில் சேரும் என்று
தெரியவில்லை, சார்.

செவ்வாய்க்கிழமை நான் தியரி வகுப்பில் இருக்கையில்
அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.
கட்டிலின் கீழே, மூலை கிழித்த
ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று கிடந்தது.

லாக் புத்தகத்தில் ஆறைப் பிளேடால் சுரண்டி
ஐந்து போட்டேன்.
கையெழுத்தான பக்கம். கேள்வி வரும்.
சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து
மறுபக்கத்து எழுத்து தலைகீழாகத் தெரிகிறது.

நான்காவது கட்டம் காலி.
காலை எட்டரைக்குள் ஒப்படைக்க வேண்டும்.

போன் அதிர்கிறது.
மூன்றாம் கட்டிலுக்கு ஒரு குழந்தை வந்திருக்கிறதாம்,
நரம்பு கிடைக்கவில்லையாம்,
யார் முழிச்சிருக்கீங்க என்று குரூப்பில் கேட்கிறார்கள்.

வார்டு வாசலில் கை கழுவுகிறேன்,
முழங்கைவரை, சொல்லிக் கொடுத்த வரிசையில்.
நடுங்கத்தான் செய்கிறது.