கடைசி ஊசி போட்ட நேரம்

கோர்ட்டுக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடை.
பட்டாவும் ஜாமீன் மனுவும் கிடந்த கண்ணாடியில்
என் சீட்டைக் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம் ஊர்ந்து ஊர்ந்து
ஏழு நகல்.

'இவர் இரத்தம் உறையாமலிருக்கத்
தினமும் ஊசி போட்டுக்கொள்பவர்.
பன்னிரண்டு மணி நேரம் ஆகாமல்
முதுகில் மருந்து இறக்க வேண்டாம்.
கடைசி ஊசி போட்ட நேரம்:'
பக்கத்தில் ஒரு கோடு, காலியாக.

லேமினேட் பண்ணவா அக்கா என்றான் பையன்.
பண்ணினால் நேரத்தை எதில் எழுத?

ஒன்று ஆஸ்பத்திரிப் பைக்கு.
ஒன்று முத்திருளன் சட்டைப்பைக்கு.
ஒன்றை பீர்முகமது அண்ணன்
ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்,
எஃப்.சி. தேதிக்குக் கீழே.

இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் சாய்வேன்.
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி,
மடிப்பைப் பிடி, நேராக இறக்கு, தேய்க்காதே.
உள்ளே மிதக்கும் காற்றுக்குமிழியைத் தட்டி விரட்டாதே,
அதுவும் மருந்தோடு சேர்த்தி.
முதல் வாரம் முத்திருளன்தான் போட்டான்.
லாரி டயரைக் கழற்றுகிற கை
ஒரு முடிக்கனம் ஊசிக்கு நடுங்கியது.
இங்கே கொடு என்று வாங்கிக்கொண்டேன்.
இருநூற்றுப் பதினொன்று ஆகிவிட்டது.
பழையது மஞ்சளாவதற்குள் பக்கத்தில் புதிய நீலம்.

பேரையூரிலிருந்து அம்மா வந்தாள்.
"ரத்தம் ஊறணும்னு ஊரே பேரீச்சம்பழம் திங்குது,
நீ காசக் குடுத்து நீர்க்க வைக்கிற."

வளைகாப்பில் சித்தி விரலை மடக்கி ஏற்றும்போது
ஒரு வளையல் உடைந்து கீறியது.
சிறிய கீறல்தான், நிற்கத்தான் நேரமானது.
சந்தனக் கிண்ணத்தோடு எல்லோரும்
என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது:
மருந்து வேலை செய்கிறது.

"தலப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராம?"
பேரையூருக்கு ஒன்றரை மணி நேரம்மா என்றேன்.
'தலை' என்றதைத் திருத்தவில்லை.
முந்தின வருஷம், ஆனி, ஐந்தாம் மாதம்.
ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது
எங்கோ ஓரிடத்தில் நின்றுவிட்டதாம்.
அந்த ரிப்போர்ட்டும் இதே கண்ணாடியில்தான் கிடந்தது.
அதற்கு ஒரே நகல் போதுமாயிருந்தது.

டாக்டர் பிலோமினா தேதியைக் கூட்டிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்: சித்ரா பௌர்ணமி.
அழகர் இறங்குகிற அன்று
ஆரப்பாளையத்திலிருந்து அக்கரைக்குப் போக
எறும்புக்கும் வழி கிடையாது.
பீர்முகமது அண்ணன் பானெட்டுத் தூசியில் விரலால் வரைந்தார்,
விரகனூர், ரிங் ரோடு, பாண்டி கோயில், கே.கே. நகர்.
"நாப்பது நிமிஷம்மா.
ராத்திரி ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்,
வெறும் வண்டியா."

ஊசியின் மூடியைக் கழற்றியாயிற்று.
அப்போதுதான் இடுப்பிலிருந்து கிளம்பி
முன்னால் வந்து இறுகியது.
சூட்டு வலியாயிருக்கும்.
காத்திருந்தேன். மறுபடி.
மூன்றாவதுக்கு முத்திருளன் செருப்பு மாட்டிவிட்டான்.

வலி வந்தால் ஊசியைத் தொடாதே, கிளம்பு.
எட்டு மாதத்தில் முதல் முறை
ஒரு ஊசி, குமிழியோடு,
எவர்சில்வர் தட்டில் சும்மா கிடந்தது.
அதைப் பார்க்கப் பயமாயிருந்தது.
போடாத இரவில் என்னென்ன உறையுமோ.

'நேற்று இரவு 9.10' என்று எழுதினேன்.
கடைசி என்பது பேச்சுக்குத்தான்,
பிறந்தபிறகு இன்னும் ஆறு வாரம் பாக்கி.
ஆட்டோவில் ஏறியதும் பீர்முகமது அண்ணன்
பேனாவை நீட்டினார்: "இதுலயும் எழுதிருமா."
எட்டி எழுதும்போது அடுத்தது வந்துவிட்டது.
சுழியம் கோணி, கோட்டைத் தாண்டி இறங்கியது.

பௌர்ணமிக்கு நாலு நாள் இருந்தது.
ரிங் ரோடு தேவைப்படவில்லை,
ஏ.வி. பாலம் திறந்தே கிடந்தது.
கீழே மணலும் ஆகாயத்தாமரையும்.
அணையைத் திறந்துவிட்டார்களாம்.
தண்ணீர் இன்னும் இங்கே வந்து சேரவில்லை.