இருபத்தேழாம் புள்ளி

ஜூனில் எடுத்த படம் முழுக்க மேகம்.
ஜூலையிலும். ஆகஸ்டைத் திறக்கவே இல்லை.
டிசம்பர் பதினொன்றுதான் சுத்தம்:
பியாபோன் ஆறு, அது பிரிந்து பிரிந்து போகும் ஓடைகள்,
எல்லாம் கருநீலம்.
அலையாத்திக் காடு ரத்தச் சிவப்பு.
கண்ணுக்கு எட்டாத ஒளியில்
பச்சை இலை அப்படித்தான் தெரியும்.

ஒரு கட்டம் பத்து மீட்டர்.
அதற்குள் என்ன கிடந்தாலும்
ஒரே நிறம்தான் சொல்லலாம்.
கோடை நெல்லும் சிவப்புதான்,
வீட்டோரத் தென்னையும்.
ஆகவே முப்பத்தெட்டுப் புள்ளிகள்,
ஒரு ஜிபிஎஸ், வாடகைப் படகு.

படகு குப்பாயியுடையது.
அடையாள அட்டையில் மா தின் சோ.
"ரெண்டும் நான்தான்,
கேக்கறவங்களைப் பொறுத்து" என்றபடி
எஞ்சின் கயிற்றைச் சுண்டினாள்.

இருபத்தாறு வரை தகராறில்லை.
சுரபுன்னை. கண்டல். கூரைக்கு அறுக்கும் டனி ஓலை.
தில்லை நின்ற இடத்தில்
பால் கண்ணில் பட்டுவிடாமல் குனிந்து போனோம்.

இருபத்தேழில்
கரையோரம் ஒற்றை வரிசை மரம்,
சினிமாவுக்குப் போட்ட செட் போல.
பின்னால் இறால் குட்டை,
அணைந்த கரிச்சூளை,
சேற்றிலிருந்து நிமிர்ந்த மூச்சுவேர்கள்
யாருக்காக மூச்சு வாங்குகிறோம் என்று தெரியாமல்.

'காடல்ல' என்று எழுதப் போனேன்.
"என்ன எழுதறீங்க?"
சொன்னேன்.
"அப்ப காலி நிலம்னு ஆயிடுமே.
காலின்னா கம்பெனிக்குப் போகும்.
எதிர்க்கரை அப்படித்தான் போச்சு.
நண்டுக்கு நான் எங்க போறது?"
"இந்தக் குட்டை யாருது?"
"மச்சானுது" என்றாள், ஆற்றைப் பார்த்து.

நீர் ஏறிக்கொண்டிருந்தது.
வெட்டுண்ட அடிமரங்களை ஒவ்வொன்றாய் மூடியது.
இன்னும் அரைமணியில் மேலிருந்து பார்த்தால்
இங்கே வெறும் தண்ணீர்.
ஓர் அடிமரத்தருகே நான்கு கண்டல் கன்றுகள்,
மரத்திலேயே முளைவிட்டுச் சேற்றில் குத்தி நின்றவை,
என் முழங்கால் உயரம்கூட இல்லை.
எந்தக் கட்டத்தின் நிறத்தையும்
அவை மாற்றப் போவதில்லை.

படிவத்தில் இரண்டே பெட்டிகள்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.
குப்பாயி என் கையைப் பார்க்காத மாதிரி
படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள்.

யாங்கோனில் கேட்டார்கள்:
"இருபத்தேழு மட்டும் ஏன் காலி?"
பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன்.

தீரவில்லை.