சத்தமில்லாத எழுத்து

சட்டைகளின் முதுகில் பெயர் தைக்கிறவள் நான்.
ஹாமில்டன் மைதானத்துக்குக் கீழே,
சலவை இயந்திரங்கள் உதறும் சுவருக்கு அடுத்த அறை.
ஜூன் மாதத்தில் தைப்பதைவிடப் பிரிப்பதே கூட.

அர்மாண்ட் ப்ருடோம்.
நம் எழுத்தில் நாலு, அவர்களுடையதில் ஒன்பது.
"இதில் இரண்டுக்குச் சத்தம் இல்லை" என்றான்,
நடுவில் ஹெச்சையும் கடைசி ஈ-யையும் தொட்டுக் காட்டி.
நூல் மிச்சம், விட்டுவிடவா என்றேன், பகிடிக்கு.
"தையுங்கள். நான் விளையாடுகிற இடமே அதுதான்."

கார்னர்பேக்.
பந்தைப் பிடிக்க வருகிறவனின்
முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடுகிறவன்.
அவன் பக்கம் ஒன்றும் நடக்கவில்லையென்றால்
அன்று அவன் நன்றாக ஆடினான்.
ஒலிபெருக்கியில் பெயர் வந்தால்
பெரும்பாலும் பிழைக்காகத்தான்.

மூன்று நாள், ஏழு சுற்று, இருநூற்றைம்பதுக்கு மேல் பெயர்கள்.
லூசியானாவில், ஒப்பலூசாஸில், கூடம் நிறைய உறவு,
இரண்டு பானை நண்டு, சத்தம் குறைக்காத டிவி,
மேசை நடுவே சார்ஜரில் செருகிய தொலைபேசி.
ஐந்தாம் சுற்றில் ஒருமுறை அடித்தது.
வீடே மூச்சை அடக்கியது.
பல் மருத்துவர் அலுவலகம்: திங்கள், பத்தரை மணி.
எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடிக்கிற நேரத்தில்
ஓர் அணி கூப்பிட்டது. முன்பணம்
பழைய காருக்கு நாலு டயர் மாற்றக் காணும்.

ஜாக்சன்வில். டெட்ராய்ட். ஹூஸ்டன். மறுபடி டெட்ராய்ட்.
விடியலில் ஒருவன் கதவைத் தட்டுவானாம்:
பயிற்சியாளர் கூப்பிடுகிறார், பிளேபுக்கை எடுத்துக்கொண்டு வா.
புத்தகத்தைக் கேட்டாலே விளங்கிவிடும்.
நாலாம் முறை, தட்டுவதற்கு முன்பே
விரிப்பை மடித்து வைத்துவிட்டு
சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தானாம்.
சொல்லும்போது சிரித்தான்.
நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன்,
சிரிக்க வாய் இல்லை.

இங்கே முதல் வருடம் பயிற்சிப் பட்டியலில்.
வாரத்துக்கு ஒருவனாக நடிப்பது வேலை,
அடுத்து வரும் எதிரணியின் கார்னர்பேக்காக,
அவனைப் போலக் குந்தி, அவனைப் போல ஏமாந்து.
"கால்கரிக்காரனை நன்றாகச் செய்கிறேன்" என்பான்,
"என்னைச் செய்யத்தான் ஒருவரும் கேட்பதில்லை."

மூன்றாம் வருடம் இறங்கினான்.
அக்டோபர், ஏரிக்காற்று. மேலே போய்ப் பார்த்தேன்.
அறுபது நிமிடமும் அவன் பக்கம் பந்து வரவே இல்லை.
பக்கத்து இருக்கைக்காரர் தேநீரை ஊதியபடி கேட்டார்,
அந்த இருபத்தேழாம் நம்பர் எதற்கு ஓடுகிறான்?
எனக்கு இந்த ஆட்டம் இன்னும் பாதிதான் விளங்கும்.
ஆனாலும் கை தட்டினேன், தனியாக.

பிறகு முழங்கால்.
மழைநாள். ஒருவரும் மோதவில்லை.
திரும்பினான், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் பட்டியல் வந்தது.
ஒன்பதையும் பிரித்தேன்.
எழுத்துகள் பிஸ்கட் டின்னுக்குப் போகும், வீணாவதில்லை.
அவனுடைய ஹெச் இப்போது ஹார்ட்விக் என்பவன் முதுகில்
முதலாவதாக நின்று மூச்சு விடுகிறது.
சட்டை, லீ என்ற பையனுக்கு. மூன்றே எழுத்து.
இரண்டு பக்கமும் ஊசித்துளைகள் மிஞ்சித் தெரிந்தன.
நீராவி பிடித்துப் பார்த்தேன். மூடவில்லை.

போன கிழமை அழைத்தான்.
ஒப்பலூசாஸ் பள்ளிக்கூடத்து அணி, முப்பத்தெட்டுச் சட்டை,
தைக்க ஆள் இல்லை, என்ன நூல் வாங்கட்டும் என்றான்.
பிரிக்கச் சுலபமாக இருக்க வேண்டுமா,
துணி கிழியுமட்டும் நிற்க வேண்டுமா,
அதைப் பொறுத்தது என்றேன்.
சற்று நேரம் பேச்சில்லை.
பின்னால் யாரோ விசில் ஊத, பையன்கள் கத்துவது கேட்டது.
"நிற்கட்டும்."
அறுபத்தொன்பதாம் நம்பர் நைலான் என்றேன்.
இருங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று
பேனா தேடப் போனான்.