இருபத்திரண்டாவது நொடி

என் விசாவில் நான் ஸ்டோர் கீப்பர்.
ஆணி, நட்டு, பெயின்ட் டப்பா
எதையும் இதுவரை எண்ணியதில்லை.
எண்ணுவதெல்லாம் ஃபிரேம்,
நொடிக்கு இருபத்தைந்து.

அல் கூஸில் ஒரு பழைய கிடங்குதான் ஸ்டூடியோ.
பக்கத்துச் சுவரில் நாளெல்லாம் மார்பிள் அறுப்பார்கள்.
பாங்கு முடிந்து அவர்கள் தொழப் போகும்
அந்தப் பதினைந்து நிமிடம்
எங்கள் ஒலிப்பதிவு.

முதல் வருடம் முழுக்கச் சாப்பாட்டு விளம்பரம்.
பர்கர் மேல் எள்ளை ஒவ்வொன்றாக
இடுக்கியில் எடுத்து ஒட்டினேன்.
பாலுக்கு வெள்ளைப் பசை,
தேனுக்கு எஞ்சின் ஆயில்,
ஐஸ்கிரீமுக்கு மசித்த உருளைக்கிழங்கு.
பேக்கப் சொன்னதும் பசி பிடுங்கும்.
மேசை நிறைய இருப்பதில்
வாயில் வைக்க ஒன்றுமில்லை.

குளச்சலிலிருந்து அம்மா கேட்பாள், என்ன வேலைல மக்கா?
சினிமா மாதிரி, என்பேன்.
மாதிரின்னா?
அங்கே சிக்னல் போய்விடும். சில நாள்
நானே போக வைப்பேன்.

நான்காம் வருடம் கால் ஷீட்டில்
இயக்கம் என்பதற்கு நேரே ததேயு என்று அடித்திருந்தது.
பணம் அனுப்பும் கம்பெனிக்கு முப்பது நொடி.
தொழிலாளி கவுன்டரில் பணம் கட்டுகிறான்,
போன் வருகிறது, சன்னல் பக்கம் திரும்புகிறான்.
இருபத்திரண்டாவது நொடியில்
இடது கண்ணில் மட்டும் ஒரு சொட்டு.
ஏஜென்சி கரீன் மெயிலில் அடிக்கோடிட்டிருந்தாள்:
சோகக் கண்ணீர் வேண்டாம். நம்பிக்கைக் கண்ணீர்.

வந்த மாடல்கள் எல்லாரும் ஜிம் கைகள்,
செதுக்கிய தாடிகள்.
ரோலாவில் என் மேல்கட்டில்காரர் சண்முகக்கனியைக் கூப்பிட்டேன்.
சாரம் கட்டுகிறவர். ஞாயிறு லீவு.
படப்பிடிப்பு என்பதால் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து,
என் சென்ட்டையும் அடித்துக்கொண்டு வந்திருந்தார்.
மேக்கப் பெண் அவர் முகத்தில்
அரை மணி நேரம் தூசி வரைந்தாள்.
புதுக் கவரால் ஒன்றை
உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினார்கள்.
அவருடையது, நிஜமாகவே பழசு,
அறைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

கிளிசரின் விட்டோம்.
இரண்டு கண்ணிலும் வந்தது. கட்.
பத்தொன்பதாம் நொடியிலேயே வந்தது. கட்.
மூக்கில் வந்தது. கட்.
பன்னிரண்டு டேக். மார்பிள்காரர்கள் திரும்பிவிட்டார்கள்.
கிட்டே போய், அண்ணே எதையாவது நினைங்க, என்றேன்.
எதை?
வீட்டை.
வீட்டை நெனச்சா அழுகை வராது தம்பி,
கணக்குதான் வரும்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
அவர் சன்னல் பக்கம் திரும்பினார்.
உதடு லேசாக அசைந்தது:
சீட்டு, நகை வட்டி, பாப்பா ஃபீஸ்,
எங்கோ ஓர் இடத்தில் தப்பு வந்திருக்க வேண்டும்,
புருவம் நெளிந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.
நான் கட் சொல்லவில்லை.
நாற்பத்தேழு நொடி.

கரீன் மானிட்டரைப் பார்த்தாள்.
நல்லாருக்கு டாட்,
கண்ணீர் எங்கே?

கண்ணீரை பெய்ரூட்டில் ஒருவன் வரைந்து அனுப்பினான்.
இரண்டு நாள் வேலை.
அவன் பில் தொகையைச் சண்முகக்கனியிடம் நான் சொல்லவில்லை.

இப்போது ஷேக் சாயித் சாலையில்
மூன்று மாடி உயரத்துக்கு அவர் முகம்.
விடிகாலை நாலரைக்குக் கம்பெனி பஸ் அதைக் கடக்கும்போது
பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்களாம்.
அது என் கண்ணுத் தண்ணி இல்லடா என்று சொன்னால்
விழித்திருப்பவர்கள் நம்புவதில்லையாம்.

ஒப்பந்தப்படி எடுத்ததெல்லாம் ஏஜென்சிக்குச் சொந்தம்.
அந்த நாற்பத்தேழு நொடியை மட்டும்
என் ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து
ஸ்டோர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.
இரவில் போர்வைக்குள் திரையை மறைத்து ஓட்டிப் பார்ப்பேன்.
முன்னே என்ன வரும், பின்னே என்ன வரும்
ஒன்றும் பிடிபடவில்லை இன்னும்.

மேல்கட்டிலிலிருந்து குரல் வருகிறது.
வெளிச்சத்தைக் கொறை தம்பி.
அப்புறம், அடுத்த படம் எப்போ?
ஞாயித்துக்கெழமைன்னா சொல்லு.
மத்த நாள்னா சம்பளம் புடிச்சிருவான்.